மெல்லிய குரலின் மீது ஒரு வழக்கு

சீனர்களின் ஜனரஞ்சகப் பாடல்களை, அதிலும் மாண்டரின் மொழியின் மெதுநடைக் காதல் பாடல்களை, நான் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறேன். நம் வட்டத்தில் இதைச் சொன்னால் இரண்டு வகையான எதிர்வினை கிடைக்கிறது. ஒன்று சிரிப்பு. மற்றது ஒரு கேள்வி: பழைய சீனக் கவிதை என்றால் சரி, லூ சுன் என்றால் சரி, சினிமாப் பாட்டுக்காகச் சீனா வரை போக வேண்டுமா, அது இங்கேயே மலிந்து கிடக்கிறதே? சிரிப்புக்கு என்னிடம் பதில் இல்லை. கேள்விக்கு உண்டு. இந்தப் பாடல்களின் சரித்திரத்தைத் தேடிப் போனால், விமர்சனம் என்ற காரியத்தின் சரித்திரமும் கூடவே வந்து நிற்கிறது. மெல்லிய பாட்டைக் குறித்து, நம்மைப்போல் தீவிரமான ஒருவன் ஒரு பத்திரிகையில் எழுதிய கண்டனமும், அதே கண்டனம் பின்னால் ஒரு அரசாங்கத்தின் கைக்கு வந்தபோது நடந்தவையும் அதில் இருக்கின்றன. நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

பாடல்கள் என்னிடம் வந்த வழி சாதாரணமானது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பா விடுமுறைக்கு ஊர் வரும்போது கேசட்டுகள் கொண்டுவருவார். அவற்றில் ஒன்று கூட வேலை பார்த்த சீனர் ஒருவர் பதிந்து கொடுத்தது. உறை மேல் எழுதியிருந்ததை வீட்டில் யாராலும் படிக்க முடியாது. ஒரு பெண் குரல், அதிகம் ஏறாமல் இறங்காமல், பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல் பாடியது. அந்தக் குரலின் பெயர் டெங் லிஜுன் என்றும், உலகம் அவளை டெரஸா டெங் என்று அறியும் என்றும், 1953ல் தைவானில் பிறந்து 1995ல் தாய்லாந்தின் சியங்மாய் நகரில் இறந்தாள் என்றும் எனக்குத் தெரியவந்தபோது கேசட் என்ற சாதனமே மறைந்துவிட்டிருந்தது.

முதலில் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம். மாண்டரின் என்பது சீனச் சொல்லே அல்ல. நம் ‘மந்திரி’தான் மலாய் மொழியில் ‘மெந்திரி’யாகி, போர்த்துக்கீசியர் வாயில் திரிந்து, சீன அதிகாரிகளுக்கும் பிறகு அவர்கள் பேசிய மொழிக்கும் பெயராயிற்று. சீனர்கள் அதைக் குவோயூ, அதாவது தேச மொழி, என்றார்கள். இன்று சீனாவில் புதோங்ஹுவா, பொதுப் பேச்சு, என்கிறார்கள். ‘பாலட்’ என்பதும் இடம் மாறிய சொல். ஆங்கில இலக்கிய வகுப்பில் அது கதைப்பாட்டு. பாட்டு வியாபாரத்தில் மெதுவான காதல் பாட்டு. ஜனரஞ்சகப் பாட்டுக்குச் சீனர்கள் வைத்த பெயரில் ‘லியூஷிங்’ என்ற சொல் வருகிறது. பரவுவது என்று பொருள். தொற்றுநோய் பரவுவதற்கும் அதே சொல்தான். இந்தப் பாடல்களை வெறுத்தவர்கள் எல்லாக் காலத்திலும் அந்த இரண்டாவது பொருளை மனதில் வைத்தே பேசினார்கள்.

*

வழக்கு மிகப் பழையது. ‘செங்’ என்ற நாட்டின் பாட்டுகள் ஒழுக்கக் கேடானவை, அவற்றை விலக்க வேண்டும் என்று கன்ஃபூஷியஸ் சொன்னதாக அவர் உரையாடல்களின் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் அவரே தொகுத்தார் என்று மரபு நம்பி வந்த பாட்டுத் தொகை நூலின் 305 பாட்டுகளில் 21 செங் நாட்டுப் பாட்டுகள். அழியும் நாட்டின் இசை மெலிந்த இசை என்ற கருத்தும் அக்காலத்தைச் சேர்ந்தது. அதற்கென்றே சீனத்தில் ஒரு தொடர் உண்டு: ‘மிமி ஷ் இன்’, ஆளை உருக்கிச் சோர வைக்கும் ஓசை. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் அந்தத் தொடர் அடங்கிப் போகவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அதற்கு முதல் இலக்கானவர் லி ஜின்ஹுய். ஹூனான் மாகாணத்தில் 1891ல் பிறந்தவர். சீன ஜனரஞ்சகப் பாட்டின் தந்தை என்று இன்று சொல்லப்படும் இவர் காதல் பாட்டு எழுதப் புறப்பட்டவர் அல்ல. புறப்பட்டது மொழி கற்பிக்க. ஒரு மாகாணத்துக்காரன் பேசுவது அடுத்த மாகாணத்துக்காரனுக்குப் புரியாத நாட்டில், பொதுவான பேச்சு மொழி ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளின் நாக்கில் ஏற்றுவதற்குப் பாட்டுதான் சுலபமான வழி என்று கண்டு, பிள்ளைகளுக்கான இசை நாடகங்களை எழுதினார். அடுத்த அடியாக, அதே பேச்சு மொழியில், நாட்டுப்புற மெட்டும் ஜாஸ் வாத்தியங்களும் கலந்து, பெரியவர்களுக்கான பாட்டுகள். 1927ல் அவர் மகள் லி மிங்ஹுய் பாடிய ‘தூறல்’ என்ற பாட்டை முதல் சீன ஜனரஞ்சகப் பாட்டு என்பார்கள். 1928ல் அவர் குழு சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு என்று சுற்றியது. தமிழ் நாடகக் குழுக்களும் தோட்டத் தொழிலாளிகளை நம்பி அதே ஊர்களுக்குப் போய்வந்த காலம் அது. குழு கலைந்து, பணமுடையோடு சிங்கப்பூரில் தங்கிவிட்ட லி, அங்கிருந்தபடி ஷாங்காய்ப் பதிப்பகம் ஒன்றுக்காகக் காதல் பாட்டுகளை எழுதித் தள்ளினார்.

இந்தப் பாட்டுக்கு மைக் அவசியம். நம்மிடமும் இது நடந்திருக்கிறது. கிட்டப்பாவின் குரல் கொட்டகையின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டிய குரல். ஏ.எம். ராஜாவின் குரலும் பி.பி. ஸ்ரீனிவாஸின் குரலும் மைக் வந்த பிறகே சாத்தியமானவை. ஆயிரம் பேர் முன்னால் ஒருவரிடம் பேசும் குரல்கள் அவை. ஷாங்காயில் சௌ ஷுவான் என்ற பாடகி அப்படிப் பாடினாள். பொது இடத்தில் அந்தரங்கமாக ஒலிக்கும் குரல் மனிதர்களுக்குப் புதிது. அதைக் கேட்டு மயங்கியவர்களும் சங்கடப்பட்டவர்களும் ஒரே காரணத்துக்காகத்தான் மயங்கினார்கள், சங்கடப்பட்டார்கள்.

1931ல் லி ஜின்ஹுய்யின் ‘ஒளிநிலா’ குழுவில் வயலின் வாசிக்கச் சேர்ந்தான் நியே அர் என்ற இளைஞன். யுன்னான்காரன், அப்போது வயது 19. மறு வருஷம் ‘கறுப்புத் தேவதை’ என்ற புனைபெயரில், ஷாங்காயின் ஒரு சினிமாப் பத்திரிகையில், தன் குருவின் பாட்டுகளைத் தாக்கி ஒரு சின்னக் கட்டுரை எழுதினான். நாடு பஞ்சத்திலும் போரிலும் கிடக்கிறது, ஜப்பான்காரன் மஞ்சூரியாவைப் பிடித்துவிட்டான், இங்கே நீங்கள் தொடையைக் காட்டி ஆடிக் கொஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அதன் சாரம். அந்த வருஷமே குழுவை விட்டு விலகினான். 1935ல் அவன் அமைத்த ஒரு படப் பாட்டுத்தான் ‘தொண்டர்படைப் பாட்டு’, இன்றைய சீன தேசிய கீதம். அதே வருஷம் ஜப்பானில் கடலில் மூழ்கி இறந்தபோது அவனுக்கு வயது 23.

நியே அர் மீது எனக்கு மரியாதை உண்டு. அவன் கோபம் போலியில்லை. தானும் ஒரு கூலியாக அந்த மேடையில் வாசித்துவிட்டு எழுதியவன். அவன் இடத்தில் அன்று நம்மில் பலர் இருந்திருந்தால் அதையே எழுதியிருப்போம். ஆனால் அவனுடைய கீதத்துக்கு வார்த்தை எழுதிய தியன் ஹான் இரண்டே வருஷம் கழித்து, 1937ல், ‘தெருத் தேவதை’ என்ற படத்துக்காக, சௌ ஷுவான் பாட, ஊர் ஊராய்த் திரியும் பாடகியின் காதல் பாட்டு ஒன்றை எழுதினார். ஒரே கை எழுதியவை, படையின் அணிநடையும் பாடகியின் உருக்கமும். தியன் ஹானுக்கு அவற்றுக்கிடையில் முரண்பாடு தெரியவில்லை. வீடிழந்து அலைபவளும் யுத்தத்தின் ஒரு உண்மைதான் என்று நினைத்திருப்பார்.

*

அதே 1937ல் வந்த இன்னொரு பாட்டு ‘நீ எப்போது திரும்பி வருவாய்’. இசை லியூ ஷுவே-ஆன், பாடியது சௌ ஷுவான். பிரியப் போகிறவனுக்கு இன்னொரு கிண்ணம் ஊற்றுகிறாள் ஒருத்தி, விஷயம் அவ்வளவே. யாரை ‘நீ’ என்கிறாள் என்ற சந்தேகம் ஒவ்வொரு அதிகாரத்துக்கும் வந்தது. ஜப்பானியர், அது சீன சேனையைத் திரும்ப அழைப்பதாக நினைத்தார்கள். மறுபக்கத்தினர், அது போர் வீரனைப் பலவீனப்படுத்துவதாகச் சொன்னார்கள். மக்கள் குடியரசு வந்த பிறகு, அது ஓடிப்போன கோமிந்தாங்கைக் கூப்பிடுகிறது என்றாயிற்று. முன்னிலை ஒருமைக்கு இருக்கிற வலுவுக்கு இதைவிட நிரூபணம் எந்தக் கவிதையியல் நூலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

மெல்லிய பாட்டு என்றால் வெள்ளையுள்ளம் என்றும் வாதிட முடியாது. லி ஷியாங்லான் என்ற பெயரில் சீனப் பெண்ணாகப் பாடி நடித்துப் புகழ்பெற்றவள் உண்மையில் மஞ்சூரியாவில் 1920ல் பிறந்த ஜப்பானியப் பெண், யமகுச்சி யோஷிகோ. ஜப்பானிய வீரனைக் காதலிக்கும் சீனப் பெண்ணாக அவளை நடிக்க வைத்த படங்கள் ஆக்கிரமிப்பின் விளம்பரங்கள். போர் முடிந்ததும் தேசத் துரோகி என்று அவள் மீது வழக்கு வந்தது. ஜப்பானியக் குடிமகள் என்ற அத்தாட்சி வந்து சேர்ந்ததால் 1946ல் விடுதலையானாள். பின்னாளில் ஜப்பானிய மேல்சபை உறுப்பினராகி, 2014ல் இறந்தாள். 1944ல் அவள் பாடிய ‘இரவில் மணக்கும் பூ’ என்ற பாட்டு, லி ஜின்ஹுய்யின் தம்பி அமைத்தது, இன்றும் புதுக் குரல்களில் வந்துகொண்டிருக்கிறது. அந்தக் குரலைக் கேட்கும்போது அந்தப் படங்களும் எனக்கு நினைவுக்கு வருகின்றன. வர வேண்டும்.

1949க்குப் பிறகு வழக்கு கோர்ட்டுக்கே போய்விட்டது. ‘மஞ்சள் இசை’ என்பது குற்றச்சாட்டின் பெயர். மஞ்சள் சீன அரச வம்சத்தின் நிறம். நவீன காலத்தில் அது ஆபாசத்தின் நிறமாகிவிட்டது. நம்மிடமும் அப்படித்தான். தாலிக் கயிற்றிலும் தலைவாசலிலும் மஞ்சளைப் பூசிக்கொண்டே ‘மஞ்சள் பத்திரிகை’ என்றும் வைகிறோம். ஷாங்காய் இசைத்தட்டுத் தொழிலின் பாடகர்களும் இசையமைப்பாளர்களும் பலர் ஹாங்காங் போனார்கள். அங்கே தங்கிவிடாதவர்களில் ஒருவர் சென் கஷின். 1940ல் யாவ் லி பாடிய ‘ரோஜா, ரோஜா, உன்னைக் காதலிக்கிறேன்’ இவர் மெட்டு. 1951ல் ஃபிராங்கி லெய்ன் ஆங்கிலத்தில் பாடி அமெரிக்காவில் பெருவெற்றி கண்டது. 1957ல் சென் கஷின் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டு உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார்; பஞ்ச காலத்தில், 1961ல், அங்கேயே இறந்தார். ஜப்பான் சரணடைந்த மகிழ்ச்சியில் அவர் எழுதிய ‘கொங்ஷி கொங்ஷி’ என்ற வாழ்த்துப் பாட்டு, சீனப் புத்தாண்டு தோறும் சிங்கப்பூர்க் கடைகளில் ஓயாமல் ஒலிக்கிறது. சித்தப்பாவுக்கு முழுவதும் மனப்பாடம். யார் எழுதியது என்று அவருக்கோ, அவர் முதலாளிக்கோ தெரியாது.

மற்றவர்களின் கணக்கும் சொல்லிவிடுகிறேன். லியூ ஷுவே-ஆனும் 1957ல் வலதுசாரி ஆக்கப்பட்டார். சௌ ஷுவான் மனநோயில் பல காலம் கிடந்து அதே வருஷம் ஷாங்காயில் இறந்தாள். லி ஜின்ஹுய் 1967ல், கலாச்சாரப் புரட்சியின் நடுவே. தியன் ஹான் 1968ல், காவலில். அவர் எழுதிய தேசிய கீதத்தின் வார்த்தைகளைப் பாட முடியாமல் போய், 1982ல்தான் அவை மீண்டன. கண்டனம் எழுதியவனின் மெட்டும், கண்டிக்கப்பட்டவர்களின் மெட்டும் இன்று ஒரே நாட்டில் கேட்கின்றன.

நியே அர் எழுதிய ஒன்றரைப் பக்கம் இவர்களைக் கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுரைகளுக்கு அத்தனை சக்தி கிடையாது. ஆனால் அரசுக்கு ஒருவனைத் தண்டிக்க வேண்டியிருக்கும்போது சொற்கள் தேவைப்படுகின்றன. ‘நச்சு’, ‘சீரழிவு’, ‘மஞ்சள்’ என்ற சொற்களை அது புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. ரசனையைக் காப்பாற்றப் போராடிய இளைஞர்கள் உண்மையான கோபத்தோடு வடித்து வைத்த சொற்கள் அங்கே தயாராக இருந்தன. ஒரு பாட்டு மோசம் என்று சொல்வது விமர்சனம். அந்தப் பாட்டைக் கேட்பவன் நோயாளி, பாடுபவள் கிருமி என்று சொல்லத் தொடங்கும் இடத்தில் வேறு ஏதோ ஆரம்பமாகிறது.

*

டெங் லிஜுன் இந்த வழக்கின் அடுத்த பிரதி. அவள் தகப்பனார் பெரு நிலத்திலிருந்து கோமிந்தாங் சேனையோடு தைவான் வந்தவர். தைவானில் அப்போது ராணுவச் சட்டம். 1949ல் வந்தது, 1987ல்தான் போயிற்று. பெரும்பாலோரின் தாய்மொழி ஹொக்கியன் வகைத் தைவானியம். பள்ளியிலும் வானொலியிலும் குவோயூ திணிக்கப்பட்டது. ஆக, நான் விரும்பும் இந்த மொழியின் மென்மைக்குப் பின்னால் ஒரு தடியும் இருக்கிறது. இந்தி விஷயத்தில் நமக்குத் தெரிந்த தடிதான்.

1973ல் வேறொருத்தி பாடி, 1977ல் டெங் பாடிய பிறகு அவளுடையதாகவே ஆகிவிட்ட பாட்டு, நிலவைத் தன் நெஞ்சுக்குச் சாட்சி வைக்கும் பாட்டு. எழுபதுகளின் கடைசியில் அவள் பாட்டுகள் சிற்றலை வானொலியிலும் திருட்டு கேசட்டிலும் பெரு நிலத்துக்குள் நுழைந்தன. பத்து வருஷமாக ‘நாம்’ என்று மட்டுமே பாடப் பழகிய ஒரு ஜனத்தொகை, ‘நான்’ என்றும் ‘நீ’ என்றும் ஒரு பெண் மெதுவாகச் சொல்வதைக் கேட்டது. பகலில் பெரிய டெங், இரவில் சின்ன டெங் என்று ஒரு சொலவடையே புழங்கியது. பெரிய டெங், டெங் ஷியாவோபிங். இதற்கிடையில் தைவான் சேனை, சீனக் கரையைப் பார்த்திருக்கும் கின்மென் தீவில் 1967ல் கட்டிய 48 ஒலிபெருக்கிகள் கொண்ட சுவரிலிருந்து இவள் குரலை எதிர்க்கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்துக்கு நஞ்சு, மறுபக்கத்துக்குத் தளவாடம். அவள் குரலை வெறும் குரலாக எந்த அரசும் கேட்டதாகத் தெரியவில்லை.

1982ல் பெய்ஜிங்கில் மக்கள் இசைப் பதிப்பகம் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டது. பெயர், ‘மஞ்சள் பாடல்களை அடையாளம் காண்பது எப்படி’. தாளத்தின் தள்ளாட்டம், மூச்சு கலந்த உச்சரிப்பு என்று லட்சணங்கள் வகுத்த நூல். மூச்சு கலந்து பாடினாள் என்ற குற்றத்துக்கே, பெரு நிலத்துப் பாடகி லி கூயியும் அவளுடைய ‘ஊர் நினைவு’ என்ற பாட்டும் தாக்கப்பட்டிருந்தன. 1983 புத்தாண்டு இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நேயர்கள் தொலைபேசியில் மீண்டும் மீண்டும் கேட்டதால் அந்தப் பாட்டு நேரடியாக ஒலிபரப்பாயிற்று. அந்த வருஷக் கடைசியிலேயே ‘ஆன்ம மாசு’ ஒழிப்பு இயக்கம் வந்தது என்பது வேறு விஷயம். சில மாதங்களில் அது ஓய்ந்தது.

நம் யோக்கியதையும் பார்க்கலாம். 1952ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு கீழ்த்தரமானது என்று அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஏறக்குறைய வெளியேற்றினார். ஜனங்கள் முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோன் வைத்தார்கள். 1957ல் விவித பாரதி தொடங்கி டில்லி சமாதானத்துக்கு வந்தது. யாரும் முகாமுக்குப் போகவில்லை. அது பெரிய வித்தியாசம், சின்ன விஷயமாக நான் அதை எண்ணவில்லை. ஆனால் மந்திரியின் வாதமும் ‘மஞ்சள்’ புத்தகத்தின் வாதமும் ஒரே மரத்தின் கிளைகள். பீகிங் வானொலியும் 1963லிருந்து நமக்குத் தமிழில் பேசியது. தென்மாவட்டக் கிராமங்களில் அதற்கு நேயர்கள் இருந்தார்கள். தன் ஊர்க்காரனே ரகசியமாகக் கேட்ட பாட்டுகளை அது வெகுகாலம் நமக்குப் போடவில்லை. அவை சிங்கப்பூர்க் கேசட்டில்தான் வந்தாக வேண்டியிருந்தது.

*

கவிதைக்காரர்களான நமக்கு முக்கியமான பகுதி இனிமேல்தான். அதே 1983ல் டெங் லிஜுன் ஹாங்காங்கில் ஒரு இசைத்தட்டு வெளியிட்டாள். 12 பாட்டுகள், பன்னிரண்டும் எண்ணூறிலிருந்து ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ‘த்ஸு’ கவிதைகள். பெரும்பாலும் சொங் வம்சக் காலத்தவை. அரசை இழந்து கைதியாக இறந்த லி யூவின் கவிதைகள் மூன்று. 1076ல் நடு இலையுதிர்கால முழுநிலா இரவில், பிரிந்திருந்த தம்பியை நினைத்து சூ ஷி எழுதியது ஒன்று. நியே ஷெங்சியோங் என்ற கணிகை எழுதியது ஒன்று. எல்லாவற்றுக்கும் புது மெட்டு, ஜனரஞ்சக மெட்டு.

பண்டிதர்கள் சிலர் முகம் சுளித்திருக்கக்கூடும். ஆனால் த்ஸு என்பது என்ன? அது பாட்டுக் கடையில் பிறந்த வடிவம். மத்திய ஆசியாவிலிருந்து வந்த இசையும் உள்ளூர் இசையும் கலந்து, தாங் காலத்து விருந்துகளிலும் கணிகையர் வீதிகளிலும் புழங்கிய மெட்டுகளுக்குக் கவிஞர்கள் வார்த்தை போட்டார்கள். எழுதுவது என்றுகூட அதற்குப் பெயர் இல்லை. ‘நிரப்புவது’ என்றுதான் பெயர். இன்று ஹாங்காங்கிலும் தைவானிலும் சினிமா மெட்டுக்குப் பாட்டு எழுதுபவனும் அதே ‘நிரப்புகிறேன்’ என்ற சொல்லைத்தான் சொல்கிறான். டெங் பாடியவர்களில் ஒருவனான லியூ யோங் கணிகையர் வீதியிலேயே வாழ்ந்தவன். கிணறு இருக்கும் ஊரில் எல்லாம் அவன் பாட்டு இருந்தது என்பார்கள். காலப்போக்கில் மெட்டுகள் மறைந்தன. மெட்டின் பெயர் மட்டும் கவிதையின் தலைப்பாக நின்றது. 1715ல் அரச ஆணையில் தொகுத்த யாப்பு நூல் 826 மெட்டுப் பெயர்களைத் தருகிறது, அசை அமைப்போடு. ஓசை போயிற்று. ஜியாங் குய் என்ற கவிஞன் இசைக் குறிப்போடு விட்டுப்போன 17 பாட்டுகள்தான் பெரிய மிச்சம். ஒரு காலத்து விருந்துப் பாட்டு, பாட முடியாமல் போன பிறகு, உயர்ந்த கவிதை ஆயிற்று.

பரிபாடலை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. எழுபதில் 22 கிடைத்தன. பாட்டின் அடியில் பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர். மூன்றும் இருக்கின்றன, பாட்டு இல்லை. நாம் அதை மௌனமாகப் படித்து, உரை எழுதி, கவிதை என்கிறோம். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் சென்னிகுளம். முப்பது வயதைக் காணாமல் 1891ல் இறந்த அண்ணாமலை ரெட்டியார் பிறந்த ஊர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில், கழுகுமலை முருகன் மேல் அவர் பாடிய காவடிச்சிந்தை எங்கள் பக்கம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பாடுவார்கள். நடக்கிறவன் காலுக்கு ஏற்ற மெட்டு. அந்த மெட்டுக்குள் சிருங்காரமும் சிலேடையும். ‘நிரப்பிய’ கவிதைதான். பாரதி தன் தேசப் பாட்டுகளுக்கு நந்தன் சரித்திர மெட்டுகளை எடுத்துக்கொண்டபோது செய்ததும் இதுவே. நம் நவீன கவிதை யாப்பை விட்டபோது மெட்டையும் விட்டது. அதற்குக் காரணங்கள் இருந்தன. மேடையில் முழங்கும் பாட்டிடமிருந்தும் சினிமாவிடமிருந்தும் சொல்லைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது. அந்தக் காரணங்களை நான் மறுக்கவில்லை. தைவான் நவீன கவிகளும் அப்படி விட்டவர்கள்தான். ஆனால் 1975 ஜூனில், தைப்பேயில், யாங் ஷியன் என்ற இளைஞன் கிதார் வைத்துக்கொண்டு யூ குவாங்-சுங்கின் கவிதைகளைப் பாடினான். யூ குவாங்-சுங் அங்கே நவீன கவிதையின் முன்வரிசைக்காரர். தன் கவிதை ஜனரஞ்சகமாகிவிட்டதே என்று அவர் கோபிக்கவில்லை. தைவானில் மாணவர்களின் பாட்டு இயக்கம் அங்கிருந்துதான் கிளைத்தது.

*

இப்போது நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். மொழி தெரியாததால் தப்பிக்கிறாய், நிலவு, காற்று, கண்ணீர், திரும்பி வா என்பதையெல்லாம் தமிழில் கேட்டால் நீயே எழுந்து போவாய் என்கிறார்கள். பாதி உண்மை. தேய்வு என்பது சொல்லின் குணம் அல்ல, புழக்கத்தின் குணம். தமிழில் ‘நிலவு’ என்ற சொல் பல்லாயிரம் பாட்டுகளின் அழுக்கோடு வருகிறது. மாண்டரினில் அந்த அழுக்கு எனக்குத் தெரிவதில்லை. ஆனால் வார்த்தைகளின் பொருளை மொழிபெயர்ப்பில் படித்தறிந்த பிறகும் பிடிப்பு விடவில்லையே, அது ஏன்? ஒரு காரணம் அந்த மொழியிலேயே இருக்கிறது. மாண்டரினில் ஒரு அசை நான்கு தொனிகளில் நான்கு பொருள் தரும். பாட்டில் மெட்டு ஏறி இறங்கும்போது அந்தத் தொனிகள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. கான்டனீஸில் மெட்டு தொனியை ஒட்டிப் போகும். மாண்டரின் பாட்டில் அப்படியில்லை. ஆகவே கேட்பவன் எளிய சொல்லை, எதிர்பார்க்கக்கூடிய சொல்லை நம்பியே பொருளைப் பிடிக்கிறான். குறிலை நெடிலாக இழுத்துப் பாடும்போது தமிழில் நமக்கு நேர்வதுபோல. பழகிய சொல் அங்கே சோம்பேறித்தனம் மாத்திரம் அல்ல, பாட்டு நிற்பதற்கான தரை. பழகிய சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதுதான் அந்தக் கலையின் பிரச்சனை. டெங் லிஜுன் செய்வது இவ்வளவுதான்: அழ வேண்டிய இடத்தில் அழாமல், அடுத்த அடியை ஒரு துளி தாமதித்து எடுக்கிறாள். அந்த அடக்கத்தை நம் நல்ல கவிதைகளில் நாம் மெச்சுகிறோம்.

எல்லா மெல்லிசையும் கலை என்பது என் கட்சி அல்ல. ஷாங்காய் தொடங்கி இன்றுவரை வந்தவற்றில் பெரும்பகுதி சர்க்கரைத் தண்ணீர். அதைச் சொல்லவும் விமர்சனம் வேண்டும். பாட்டைக் கேட்டு, இந்த இடத்தில் இந்தக் குரல் பொய் சொல்கிறது என்று சொல்லும் விமர்சனம். நம் பக்கங்களில் சினிமாப் பாட்டைப் பற்றி நாம் எழுதியவற்றில் பாட்டைக் கேட்டு எழுதியது குறைவு. கேட்பவர்களைப் பற்றிய இளக்காரம் அதிகம். 1995ல் ஃபே வோங் என்ற பெய்ஜிங் பாடகி டெங்கின் பாட்டுகளை மட்டும் பாடி ஒரு தொகுப்பு வெளியிட்டாள். தலைப்பில் தன் பெயரைச் சேர்த்து, ‘மிமி ஷ் இன்’ என்ற அந்தப் பழைய வசையையே வைத்தாள். சூ ஷியின் முழுநிலாக் கவிதையும் அதில் இருக்கிறது. டெங் அதே வருஷம் மே மாதம் இறந்திருந்தாள்.

ஒரு யோசனையோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பன்னிரண்டு த்ஸு கவிதைகளையும் தமிழில் கொண்டுவர வேண்டும். சீனத்திலிருந்து நேராக. வசன கவிதையாக வேண்டாம். அதை ஆங்கிலம் வழியாக யாரும் செய்துவிடலாம். அடி அளவுகள் ஒழுங்கில்லாமல் நீண்டும் குறுகியும் வருவது த்ஸுவின் லட்சணம், சிந்துக்கும் அது அந்நியமில்லை. மெட்டோடு ‘நிரப்ப’ வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனம் படித்த தமிழர்கள் இருக்கிறார்கள். சிந்தின் தாளம் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் உட்காரவைக்க நம் வட்டத்தில் யாருக்காவது முடியும் என்றால், எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.